ஊர் காத்திருக்கும்... உறவு காத்திருக்குமா?

('வெளிநாட்டுப் பயணத்தில் பெரிதும் நிறைவு தருவது புதிய இடங்களைப் பார்ப்பதா? பழைய உறவுகளைப் பார்ப்பதா?' என்ற பட்டிமன்றத்தில், 'பழைய உறவுகளைப் பார்ப்பதே!' என்ற அணியில் ஆற்றிய உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! நான் என்ன பேசப் போகிறேன் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் எதிரணி நண்பர்களே! விடுமுறை நாளிலும் வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியை அம்மா ரொம்ப அழகாப் பேசினாங்க. லண்டன் என்றால் தேம்ஸ் நதி என்றார்கள், பெரிய மணிக்கூண்டு என்றார்கள், அரண்மனை என்றார்கள். கடைசியா ஒண்ணு கேட்டாங்க பாருங்க... "லட்ச ரூபா செலவு பண்ணி இங்கிலாந்துக்குப் போயி, சொந்தக்காரங்க வீட்டுல உக்காந்து அதே இட்லி, அதே சாம்பார், அதே சீரியல்! இதுக்கு எதுக்கு விமானம்? அன்னவாசல் போற டவுன் பஸ் போதாதா?" என்று கேட்டார்கள். நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன்னா அந்த அன்னவாசல் பஸ்ஸிலேயே போய் வந்து படித்தவன் நான். எங்க ஊர் சித்தன்னவாசல்! (கைதட்டல்)

அந்த இட்லிக்கு அப்புறம் வருகிறேன். முதல்ல விமானத்தைப் பார்ப்போம்.

விமானச் சீட்டில் என் பேருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டிருந்தார்கள். நான் வாங்கியது தமிழில் முனைவர் பட்டம். நடு வானத்தில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்துவிட்டார். விமானப் பணிப்பெண் ஓடி வந்து என்னை எழுப்பி, "சார், நீங்கதானே டாக்டர்? ஒருத்தருக்கு மயக்கம்" என்றாள். நான் சொன்னேன், "அம்மா, எனக்குத் தெரிஞ்ச மயக்கம் ரெண்டுதான். ஒண்ணு மெய்ம்மயக்கம், இன்னொண்ணு உருபு மயக்கம். ரெண்டுக்கும் ஊசி கிடையாது!" (சிரிப்பு) நல்ல வேளை, இரண்டு வரிசை தள்ளி ஒரு நிஜ டாக்டர் இருந்தார். பெரியவர் பிழைத்துக்கொண்டார். நான் வைத்தியம் பார்க்காததால் பிழைத்துக்கொண்டார் என்றும் சொல்லலாம்.

நடுவர் அவர்களே, எதிரணி சொல்கிற அத்தனை இடத்தையும் நான் பார்த்தவன். பார்க்காதவன் பேசினால், 'எட்டாத பழம் புளிக்கும்' என்பார்கள். 2014ஆம் ஆண்டு, பேச வாருங்கள் என்று அங்குள்ள தமிழ் அன்பர்கள் அழைத்தார்கள். பத்து நாள் பயணம். சேக்ஸ்பியர் பிறந்த வீட்டுக்குப் போனேன். வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, மாடிப்படி ஏறி, அவர் பிறந்த அறையைப் பார்த்தேன். எல்லாம் இருக்கு. கட்டில் இருக்கு, மேசை இருக்கு, ஜன்னல் இருக்கு. ஆள் இல்லை! அவர் 1616லேயே போய்ச் சேர்ந்துட்டார். அத்தை வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினா, "யாரு?"ன்னு ஒரு குரல் வருமே... அந்தக் குரல் எந்தச் சுற்றுலாத் தலத்திலே வரும்? (கைதட்டல்)

கை தட்டாதீங்க. இப்ப நான் சொல்லப் போறது கை தட்டுகிற விஷயம் இல்லை.

அந்தப் பத்து நாளில் ஒருநாள் ஆக்ஸ்போர்டு போனேன். தமிழ் படித்தவன் எவனும் ஆக்ஸ்போர்டு போனால் ஜி.யு.போப் கல்லறையைப் பார்க்காமல் வரமாட்டான். 1820இல் பிறந்தவர், சாயர்புரத்தில் பள்ளி நடத்தியவர், 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர், எண்பது வயதில், 1900ஆம் ஆண்டில், திருவாசகத்தை மொழிபெயர்த்து வெளியிட்டவர், 1908இல் மறைந்தவர். 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான் என்று தம் கல்லறையில் எழுதச் சொன்னார் போப்' என்று இருபது வருஷமா மேடை மேடையாச் சொல்லிக் கை தட்டு வாங்கினவன் நான். புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் போய் நின்று பார்க்கிறேன்... கல்லில் அந்த வாசகமே இல்லை!

என்ன இருக்கிறது தெரியுமா? அவர் தென்னிந்தியாவோடு கொண்டிருந்த தொடர்பு இருக்கிறது. ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்று இருக்கிறது. கடைசியில், இந்தக் கல்லை அவர் குடும்பத்தாரும், தென்னிந்தியாவிலுள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளைகளோடு சேர்ந்து, கடல் கடந்து இருந்த நம் ஆட்களும் அந்தக் கிழவருக்குச் சொந்தக்காரர்களாக நின்றிருக்கிறார்கள். நான் இருபது வருஷம் சொன்ன கதையைவிட இந்த உண்மை உயர்ந்தது. அரை நாள் அங்கேயே நின்றேன்.

சரி. இப்ப கணக்குப் பாருங்க. நான் போப் கல்லறையில் நின்ற அன்று அவர் இறந்து 106 ஆண்டு ஆகியிருந்தது. அங்கிருந்து ரயிலில் ஏறினால், ஒன்றரை மணி நேரத்தில், பர்மிங்காம் பக்கத்து ஊர் ஒன்றில் எங்க மாமா இருந்தார். உயிரோடு இருந்தார்! இறந்து 106 வருஷம் ஆனவரைப் பார்க்க எனக்கு அரை நாள் இருந்தது. எழுபத்தெட்டு வயசுல, எனக்காகக் காத்துக்கிட்டு இருந்த மனுஷனைப் பார்க்க நேரம் இல்லை!

யார் அந்த மாமா? என் அப்பாவின் கூடப் பிறந்த அக்கா, எங்க பெரிய அத்தை. அவங்களைக் கட்டிக்கிட்டவர். டாக்டர், நிஜ டாக்டர். 1967இல் இரண்டு பேரும் கப்பலேறிப் போனார்கள். அந்த நாட்டில் 1948 ஜூலை 5ஆம் தேதி தேசிய மருத்துவ சேவை தொடங்கியது. எல்லாருக்கும் வைத்தியம் என்று சொல்லிவிட்டார்கள். சொல்லிட்டா போதுமா? டாக்டர் வேணுமே! 1960களில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான டாக்டர்கள் போனார்கள். போனவர்களுக்கு நல்ல இடம் கிடைத்ததா? அந்த ஊர் டாக்டர்கள் விரும்பிப் போகாத தொழிற்சாலை ஊர்களும், அவர்கள் விரும்பி எடுக்காத துறைகளும்தான் நம்ம ஆட்களுக்குக் கிடைத்தன. அதில் முக்கியமான துறை எது? முதியோர் மருத்துவம்!

கேட்டுக்குங்க. அந்த நாட்டுக் கிழவன் கிழவிகளைத் தூக்கி உட்கார வைத்து, நடக்க வைத்து, வீட்டுக்கு அனுப்பியவர்களில் பெரும்பங்கு நம்ம பக்கத்து டாக்டர்கள். அந்தக் கல்வியை நம் நாட்டுக்கே கொண்டு வந்தவரும் உண்டு. இங்கிலாந்தில் முதியோர் மருத்துவம் கற்றுத் திரும்பி, 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று புறநோயாளிப் பிரிவு தொடங்கினார் டாக்டர் வி.எஸ்.நடராஜன். நாட்டுக்கே முன்னோடி அது.

எங்க மாமா திரும்பவில்லை. அங்கேயே முப்பது வருஷம் முதியோர் வார்டில் வேலை பார்த்தார். அவர் சம்பளத்தில்தான் நான் எம்.ஏ. படித்தேன். என் பேருக்கு முன்னால் நிற்கிற 'முனைவர்' பட்டத்தில் பாதி மாமாவுடையது.

அந்த மாமா போனில் கேட்டார், "தம்பி, எப்ப வர்றே?" நான், "சனிக்கிழமை வர்றேன் மாமா" என்றேன். வெள்ளிக்கிழமை ராத்திரி அழைத்திருந்த அன்பர்கள், "ஐயா, நாளைக்கு ஸ்டோன்ஹெஞ்ச் போவோம். ஐயாயிரம் வருஷத்துக் கல்வட்டம். உலகமே வந்து பார்க்குது" என்றார்கள். எனக்கு ஆசை வந்துவிட்டது. மாமாவுக்கு போன் பண்ணினேன். "மாமா, ஒரு நிகழ்ச்சி வந்துருச்சு. அடுத்த தடவை கண்டிப்பா வர்றேன்." மாமா என்ன சொன்னார்? "அதுக்கென்னப்பா, வேலைதான் முக்கியம். பார்த்துக்கலாம்" என்றார்.

நடுவர் அவர்களே! சித்தன்னவாசலைச் சுற்றிப் பெருங்கற்காலத்துக் கல்வட்டங்கள் இருக்கின்றன. ஆடு மேய்ச்சுக்கிட்டே அதில் உக்காந்து கட்டுச்சோறு தின்னவன் நான். கல்வட்டத்தில் பிறந்த பயல், கல்வட்டத்தைப் பார்க்கப் போய், பெத்த தகப்பனுக்குச் சமமான மனுஷனை விட்டுட்டான்! கல்லு ஐயாயிரம் வருஷமா நிக்குது. இன்னும் நிக்கும். மாமா?

2020 மார்ச் 23ஆம் தேதி இங்கிலாந்தில் ஊரடங்கு அறிவித்தார்கள். ஏப்ரலில் மாமாவுக்குக் கொரோனா. எத்தனையோ பேர் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்த மனுஷன், பக்கத்தில் யாரும் உட்கார முடியாமல் போனார். அடக்கத்துக்கு நெருங்கிய குடும்பத்தார் சில பேர் மட்டும்தான். நான் இங்கே புதுக்கோட்டையில், செல்போனை அரிசி டப்பா மேல சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அதிலும் பாதியில் படம் நின்றுபோய்விட்டது. 'அடுத்த தடவை'ன்னு சொன்னேனே, அந்த 'அடுத்த தடவை' இதுதான்.

அதனாலதான் இந்த அணியில் நிற்கிறேன். எதிரணியில் நின்று தோற்றுப்போனவன் நான். அந்தத் தோல்விதான் என்னை இந்த அணிக்குக் கொண்டு வந்தது. (கைதட்டல்)

2023இல் மறுபடி போனேன். இந்தத் தடவை மேடை இல்லை, அழைப்பு இல்லை. அத்தையைப் பார்ப்பதற்கென்றே போனேன். பெட்டியில் சுண்டைக்காய் வத்தல், மணத்தக்காளி வத்தல், அப்பளம், புளி, கருப்பட்டி. சுங்க அதிகாரி சுண்டைக்காய் வத்தலைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கிறார். "இது என்ன?" என்கிறார். அதுக்கு இங்கிலீசுல என்னன்னு எனக்குத் தெரியாது. "எங்க அத்தைக்கு" என்றேன். அந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்தார். "எத்தனை வயசு?" என்றார். "எண்பத்திரண்டு" என்றேன். சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினார். அங்கேயும் அத்தை உண்டு நடுவர் அவர்களே! (சிரிப்பு, கைதட்டல்)

கதவைத் தட்டினேன். "யாரு?" என்று குரல். புதுக்கோட்டைக் குரல்! ஐம்பத்தாறு வருஷம் அந்தக் குளிரில் இருந்தும் 'யாரு'வில் ஒரு எழுத்து மாறவில்லை. நூல் புடவை, அதன்மேல் கம்பளிச் சட்டை, காலில் உறை. என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை என்ன? "ஏன்டா இவ்வளவு நாள்?" என்று கேட்பார்கள் என்று பயந்துகொண்டே போனேன். அத்தை கேட்டது, "சாப்பிட்டியா ராசா?"

எதிரணி அம்மா, அதே இட்லின்னு சொன்னீங்களே... அதே இட்லி இல்லம்மா அது. நம்ம ஊர் வெயிலுக்கு மாவு ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் பொங்கி, பாத்திரத்தைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அங்கே மாவு பொங்காது. அடுப்புப் பெட்டிக்குள் விளக்கை மட்டும் எரிய விட்டு, அந்தச் சூட்டில் மாவை வைக்க வேண்டும். சில நாள் இரண்டு நாளாகும். நான் விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே அத்தை மாவு அரைத்துவிட்டார்கள். எண்பத்திரண்டு வயசுல ராத்திரி ரெண்டு தடவை எழுந்து, மாவு பொங்கிருச்சான்னு பார்த்திருக்காங்க. அதே இட்லிதான், ஆனா அன்னவாசல் பஸ்ஸில் போனால் அது கிடைக்காது! (கைதட்டல்)

ராத்திரி படுக்கப் போகிறேன். ஓர் அறையைத் திறந்து காட்டினார்கள். கட்டில், வெள்ளை விரிப்பு, தலையணை, கால்மாட்டில் மடித்து வைத்த கம்பளி. "இது எப்பவும் போட்டே இருக்கும் ராசா" என்றார்கள். "ஏன் அத்தை?" என்றேன்.

அப்பத்தான் சொன்னாங்க. எங்க தாத்தா, அதாவது அத்தையோட அப்பா, 1974இல் இறந்தார். தந்தி போய்ச் சேரும்போது இங்கே எல்லாம் முடிந்திருந்தது. கடிதம் என்றால் நீல நிற ஏரோகிராம்தான், பத்து நாளாகும். போன் பேச வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அத்தையால் வர முடியவில்லை. "அப்பா முகத்தைப் பார்க்க என்னால வர முடியல. அன்னிக்கு ஒண்ணு நினைச்சேன். நம்ம ஊர்லேருந்து யாரு எப்ப வந்தாலும், படுக்க இடமில்லன்னு திரும்பக் கூடாது. அன்னிக்குப் போட்ட கட்டில் இது" என்றார்கள்.

அப்புறம் மாமாவைப் பற்றிப் பேச்சு வந்தது. முதியோர் வார்டில் ஞாயிற்றுக்கிழமை பார்வை நேரமாம். காலையிலேயே ஒவ்வொரு பாட்டியும் தலை வாரிக்கொண்டு, ஒவ்வொரு தாத்தாவும் முகச்சவரம் செய்துகொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டு இருப்பார்களாம். சிலருக்கு மகன் வருவான், மகள் வருவாள். சிலருக்கு யாரும் வரமாட்டார்கள். மூன்று மணி ஆகும், நான்கு மணி ஆகும், வாரிய தலை வாரினபடியே இருக்கும். மாமாவுக்கு அன்று வேலை இல்லாத நாள். ஆனாலும் போவாராம். யாரும் வராத கட்டில் எது என்று பார்த்து, அந்தக் கட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாராம். "வைத்தியம் எல்லா நாளும் பண்ணலாம்; ஞாயித்துக்கிழமை சொந்தக்காரன் வேலை பார்க்கணும்" என்பாராம்.

சொல்லிக்கொண்டே வந்த அத்தை, ஒண்ணு சொன்னாங்க. குறையாச் சொல்லல. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க. "நீ அந்தத் தடவை சனிக்கிழமை வர்றேன்னு சொன்னீல்ல... உங்க மாமா வியாழக்கிழமையே போயி முடி வெட்டிக்கிட்டு வந்துட்டாரு."

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, நான் முப்பது வருஷமா மேடையில் பேசுகிறவன். அன்றைக்கு எனக்கு வார்த்தை வரவில்லை.

மறுநாள் காலை அத்தை கேட்டார்கள்: "ஏழடிப்பட்டத்துல இப்ப கம்பி போட்டிருக்காமே? நாங்க சின்னப் புள்ளைல பாறையில வெட்டுன குழியில காலை வச்சுத்தான் ஏறுவோம். தாமரைக் குளத்து ஓவியம் எப்படி இருக்கு? பூப் பறிக்கிற ஆளு தெரியுறாரா? மீனு தெரியுதா?" நான் தமிழ்ப் பேராசிரியர். புதுக்கோட்டையில் குடியிருக்கிறேன். பதினாறு கிலோமீட்டர் தூரம். அந்த ஓவியத்தைப் பார்த்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது! "நல்லா இருக்கு அத்தை" என்றேன். அத்தை என்னைப் பார்த்தார்கள். "பார்த்துட்டு வந்து சொல்லு" என்றார்கள். பொய்யைக் கண்டுபிடிக்க அத்தைமாருக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? (சிரிப்பு)

ஊருக்கு வந்த மறுவாரமே போனேன். அறிவர் கோயிலுக்குள் குனிந்து நுழைந்து, கழுத்து வலிக்க மேலே பார்த்தேன். தாமரைக் குளம் இருக்கிறது; மீன் இருக்கிறது; யானை, மாடு, பறவை இருக்கின்றன; பூப் பறிக்கிறவரும் இருக்கிறார். ஆனால் நான் சிறுவனாகப் பார்த்த வண்ணம் இல்லை. தூணில் ஆடுகிற பெண்ணின் உருவம் மங்கி, கோடு கோடாகத் தெரிகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பவர் இந்தக் கோயிலைப் புதுப்பித்தார் என்று அங்கே கல்வெட்டு சொல்கிறது. பாறையில் எழுதின ஓவியமே ஆயிரத்து நூறு வருஷத்தில் மங்கிப் போகிறது. எண்பத்திரண்டு வயசு அத்தை எத்தனை நாள் மங்காம இருப்பாங்க?

அப்புறம் ஏழடிப்பட்டம் ஏறினேன். குகைத் தளத்தில் பதினேழு கற்படுக்கைகள். சமண முனிவர்கள் படுத்த இடம். உண்ணா நோன்பிருந்து உயிர் விட்ட இடம். தலை வைக்கும் பக்கம் கல்லையே கொஞ்சம் உயர்த்தித் தலையணை போலச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு படுக்கையின் ஓரத்தில் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி எழுத்து. என்ன செய்தி? எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஈதன் என்ற முனிவருக்காக, இளயர் என்பவர் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார். எருமிநாடு என்பது மைசூர்ப் பகுதி என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

எங்கிருந்தோ வந்த ஒருத்தர். ஊரை விட்டு, உறவை விட்டு வந்தவர். இந்த ஊர்க்காரர் ஒருத்தர் அவருக்குப் பாறையைக் குடைந்து, தலையணை வைத்து, இடம் போட்டுக் கொடுக்கிறார். அந்தக் கல்லைக் கையால் தொட்டேன். அத்தை வீட்டுக் கட்டில் ஞாபகம் வந்தது. வெள்ளை விரிப்பு, தலையணை, மடித்து வைத்த கம்பளி... சித்தன்னவாசல்காரி கடல் கடந்து போயும் சித்தன்னவாசல் வேலையைத்தான் பார்க்கிறாள்! வருகிறவனுக்கு இடம் போட்டு வைக்கிற வேலை! (நீண்ட கைதட்டல்)

அங்கே பாறையில் உட்கார்ந்தே அத்தைக்கு போன் பண்ணினேன். "அத்தை, பூப் பறிக்கிறவர் இருக்கார். மீனு இருக்கு. நிறம்தான் கொஞ்சம் மங்கிருச்சு." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "எனக்கும்தான்டா" என்றார்கள்.

எதிரணி நண்பர் பிசிராந்தையாரைச் சொன்னார். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் பார்க்காமலேயே நண்பர்களாக இருக்கவில்லையா, நேரில் போய்ப் பார்த்தால்தான் உறவா என்று கேட்டார். ஐயா, பாதியில் நிறுத்திட்டீங்களே! புறநானூற்றை முழுசாப் படிங்க. சோழன் உறையூரில் அரசைத் துறந்து வடக்கிருந்து உயிர் விடத் துணிந்தபோது, தன் நண்பன் வருவான், அவனுக்கு இடம் ஒழித்து வையுங்கள் என்கிறான். பாண்டி நாட்டிலிருந்து பிசிராந்தையார் வந்தாரா, இல்லையா? வந்தார்! வந்து, தானும் வடக்கிருந்தார். பார்க்காத நட்பே கடைசியில் நடந்து வந்து நின்றது. பார்த்துப் பழகின உறவு வர வேண்டாமா? இடம் போட்டு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள் ஐயா, போகிறவர்கள்தான் குறைந்துபோனோம்.

இது அங்கே போகிறவர்களுக்கு மட்டுமில்லை. டிசம்பர் மாதம் அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் நம் பிள்ளைகள் வருகிறார்கள். பதினைந்து நாள் விடுமுறை. மூணு நாள் கொடைக்கானல். ரெண்டு நாள் துணிக்கடை. ஒரு நாள் நகைக்கடை. நண்பர்களோடு ரெண்டு நாள். ஆச்சிக்கு? வாசலில் கார் நின்றபடியே இருக்கும். ஒரு மணி நேரம்! ஆச்சி காலையிலேயே தலை வாரிக்கிட்டு உக்காந்திருக்கும். வந்தவன் ஒரு படம் எடுத்துக்கொண்டு, "அடுத்த தடவை ரெண்டு நாள் தங்குறேன் ஆச்சி" என்பான். தம்பிகளே, தங்கைகளே! 'அடுத்த தடவை' என்பது நம்ம கையில் இருக்கிற டிக்கெட் இல்லை.

இடங்களைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாருங்க. ஆனா வரிசையை மாத்துங்க. பத்து நாள் பயணமா? முதல் ரெண்டு நாள் பெரியவங்களுக்கு. அப்புறம் மணிக்கூண்டு, அரண்மனை, கல்வட்டம் எல்லாம் பாருங்க. அதெல்லாம் எங்கேயும் போகாது. மணிக்கூண்டு உங்களுக்காக முடி வெட்டிக்கிட்டுக் காத்திருக்காது!

நடுவர் மணியை எடுத்துட்டாரு. முடிச்சுடுறேன் ஐயா. தீர்ப்பு உங்க கையில். எனக்குச் சாதகமா வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. ஒரே ஒரு நிமிஷம் இந்தக் கேமராவைப் பார்த்துப் பேச அனுமதி கொடுங்க.

அத்தை... இந்த நிகழ்ச்சியை நீங்க பார்ப்பீங்கன்னு தெரியும். அடுத்த தடவைன்னு சொல்ல மாட்டேன். மே மாசம் 12ஆம் தேதி, டிக்கெட் எடுத்தாச்சு. மாவை இப்பவே அரைச்சுடாதீங்க. கட்டில் மட்டும் அப்படியே இருக்கட்டும்.

(நீண்ட கைதட்டல்)